மதுரையில் வக்கீல் ஆபீஸ், ஆடிட்டர் ஆபீஸ் தொடங்குகிறவர்களுக்கு

சென்னையில் சில வருடம் ஜூனியராக இருந்துவிட்டு ஊர்ப்பக்கம் திரும்பலாமா என்று யோசிக்கும் வக்கீல்கள், சி.ஏ. முடித்த கையோடு சொந்தமாகப் போர்டு மாட்ட நினைப்பவர்கள், தெற்கே ஒரு கிளை இருந்தால் நல்லது என்று கணக்குப் போடும் நிறுவனங்கள். இந்த மூன்று தரப்பும் கேட்கும் முதல் கேள்வி, "மதுரையில் வேலை இருக்கா?" என்பதுதான். இருக்கிறது. ஆனால் அதில் பெரும்பங்கு மதுரை ஊருக்குள்ளிருந்து வருவதில்லை. நாகர்கோவிலிலிருந்தும் கரூரிலிருந்தும் சிவகாசியிலிருந்தும் பஸ் ஏறி வருகிறது. இதை மனதில் வாங்கிக்கொண்டால் எந்த ரோட்டில் அறை பிடிப்பது, யாரை வேலைக்கு வைப்பது, முதல் வருடம் எதை நம்பிப் பிழைப்பது என்பதெல்லாம் ஓரளவு விளங்கிவிடும்.

முதலில் வட்டாரத்தைப் பாருங்கள்

சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, ஒத்தக்கடை பக்கம் உலகனேரியில், யானைமலையைப் பார்த்த மாதிரி, 2004 ஜூலை 24 அன்று திறக்கப்பட்டது. அதற்கு முன்பு கன்னியாகுமரிக்காரர் ஒரு ரிட் மனு, அதாவது அரசு உத்தரவை எதிர்த்து நேரடியாக உயர் நீதிமன்றத்தில் மனுப் போடவேண்டும் என்றால் ஏறத்தாழ 700 கிலோமீட்டர் கடந்து சென்னைப் பாரிமுனைக்குப் போகவேண்டும். இன்று கன்னியாகுமரி, திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி, விருதுநகர், ராமநாதபுரம், சிவகங்கை, மதுரை, தேனி, திண்டுக்கல், கரூர், திருச்சி, புதுக்கோட்டை, தஞ்சாவூர் ஆகிய 14 மாவட்டங்களின் வழக்குகள் இங்கே வருகின்றன. தொடக்கத்தில் 13. பிறகு திருநெல்வேலியைப் பிரித்துத் தென்காசி வந்ததால் எண்ணிக்கை ஒன்று கூடியது.

எல்லையில் ஒரு சிக்கல் உண்டு. தஞ்சாவூர் மதுரைக்கு, பக்கத்திலிருக்கும் திருவாரூரும் நாகப்பட்டினமும் சென்னைக்கு. திருச்சி மதுரைக்கு, அடுத்திருக்கும் பெரம்பலூரும் அரியலூரும் சென்னைக்கு. நிலம் எந்த மாவட்டத்தில் இருக்கிறது, உத்தரவு போட்ட அதிகாரி எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்பதைப் பார்க்காமல் மனுவை டைப் செய்துவிட்டு முழிப்பவர்கள் உண்டு.

பண விவகாரத்துக்கு வருவோம். மதுரையில் தலைமையகம் வைத்திருந்த பாண்டியன் வங்கி 1963ல் கனரா வங்கியோடு இணைந்துவிட்டது. ஆனால் தமிழ்நாட்டுப் பழைய தனியார் வங்கிகளின் தலைமையகங்களை வரைபடத்தில் குறித்துப் பாருங்கள். கரூர் வைஸ்யா கரூரில் (1916), தமிழ்நாடு மெர்க்கன்டைல் தூத்துக்குடியில் (1921ல் நாடார் வங்கியாகத் தொடங்கியது), சிட்டி யூனியன் கும்பகோணத்தில் (1904). மூன்று ஊர்களும் மதுரைக் கிளையின் எல்லைக்குள்தான் இருக்கின்றன. இவற்றோடு தூத்துக்குடித் துறைமுகம், சிவகாசிப் பட்டாசும் அச்சகங்களும், விருதுநகர்ப் பலசரக்கு மண்டிகள், காரைக்குடிப் பக்கத்துச் சொத்துப் பாகப்பிரிவினைகள். மதுரையில் உட்கார்ந்தால் உங்கள் கட்சிக்காரர் இவர்கள்தான்.

அடுத்து, உங்கள் வேலை எந்த மேசைக்குப் போகும்?

ஒரு தாளை எடுத்து, உங்களுக்கு உருப்படியாகச் செய்யத் தெரிந்த வேலைகளை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே அது எங்கே விசாரிக்கப்படும் என்று எழுதுங்கள். இதைச் செய்யாமல் வாடகைக்கு இடம் பார்க்கப் போகாதீர்கள்.

மதுரையிலேயே முடியும் வேலைகள் நிறைய. ரிட் மனு, இரண்டாம் மேல்முறையீடு, சிவில் சீராய்வு, விபத்து இழப்பீட்டு மேல்முறையீடு, முன்ஜாமீன், குற்றவியல் மேல்முறையீடு எல்லாம் பெஞ்சில், அதாவது உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில். வங்கிக் கடன் வசூல் வழக்குகளுக்கு மேலூர் ரோட்டில் உத்தங்குடிப் பக்கம் கடன் வசூல் தீர்ப்பாயம், அதாவது டி.ஆர்.டி. இருக்கிறது. 20 லட்சம் ரூபாயும் அதற்கு மேலும் உள்ள கடன்களுக்கு வங்கி அங்கேதான் போகவேண்டும். கோர்ட்டுக்குப் போகாமலே அடமானச் சொத்தை வங்கி கைப்பற்றும் சர்ஃபாசி நடவடிக்கையை எதிர்க்கும் கடன்காரரும் 45 நாளுக்குள் அதே தீர்ப்பாயத்துக்குத்தான் வரவேண்டும். மாநில நுகர்வோர் ஆணையத்துக்கு மதுரையில் அமர்வு உண்டு. ஜி.எஸ்.டி. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்கு அறிவிக்கப்பட்ட ஊர்களிலும் மதுரை இருக்கிறது.

சென்னைக்குப் போகவேண்டியவையும் உண்டு. கம்பெனிச் சட்ட விவகாரமும் திவால் மனுவும் என்.சி.எல்.டி. என்ற தேசிய கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வுக்கு. வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், கஸ்டம்ஸ் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், டி.ஆர்.டி. உத்தரவுக்கு எதிரான மேல்முறையீடு மூன்றும் சென்னையில். இன்னொன்றும் தெரிந்திருக்கவேண்டும். சென்னை உயர் நீதிமன்றத்தில் சிவில் வழக்கை நேரடியாகத் தொடுக்கும் 'ஒரிஜினல் சைடு' சென்னை மாநகர எல்லைக்கு மட்டும் உரியது. மதுரைக் கிளையில் அது கிடையாது. கோடி ரூபாய் வணிக வழக்கானாலும் இங்கே மாவட்ட அளவிலான நீதிமன்றத்தில்தான் ஆரம்பிக்கும். சென்னையில் ஒரிஜினல் சைடிலேயே பழகியவர்கள் இங்கே வந்தால் முதல் ஆறு மாதம் கை கட்டிப்போட்ட மாதிரி இருக்கும். மாவட்ட நீதிமன்றத்தில் தமிழில் சாட்சி விசாரிக்கப் பழகிக்கொள்வதைத் தவிர அதற்கு வேறு மருந்தில்லை.

உங்கள் பட்டியலில் பாதிக்கு மேல் சென்னை என்று வந்தால் மதுரை உங்களுக்குக் கிளை அலுவலகமாக இருக்கட்டும். தலைமையிடத்தை இங்கே மாற்ற அவசரப்பட வேண்டாம்.

சான்றிதழ் வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்

வக்கீலாகப் பதிவு செய்வது தமிழ்நாடு புதுச்சேரி பார் கவுன்சிலில். அது சென்னையில், உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கிறது. பதிவுக் கட்டணம் சட்டப்படி பொதுப் பிரிவுக்கு 750 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125 ரூபாய். இதற்கு மேல் எந்தப் பெயரிலும் வசூலிக்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2024 ஜூலை 30 அன்று சொல்லிவிட்டது. பதிவு செய்த இரண்டு வருடத்துக்குள் அகில இந்திய பார் தேர்வை எழுதிப் பாஸ் ஆகவேண்டும். பிறகு மதுரையில் ஏதாவது ஒரு வழக்கறிஞர் சங்கத்தில் சேருங்கள். மாவட்ட நீதிமன்றத்துக்குச் சங்கம் தனி, பெஞ்சில் ஒன்றுக்கு மேற்பட்ட சங்கங்கள். எதில் சேர்வது என்பதை உங்கள் சீனியர் எதில் இருக்கிறார் என்பதே பெரும்பாலும் முடிவு செய்துவிடும்.

சி.ஏ. என்றால் சி.ஏ.க்களின் அமைப்பான ஐ.சி.ஏ.ஐ.யிடம் தொழில் செய்வதற்கான சான்றிதழ் வாங்குங்கள். தனியாளாக நடத்தினாலும் நிறுவனப் பெயர் வேண்டுமென்றால் அனுமதி வாங்கவேண்டும். வங்கிக் கிளைத் தணிக்கை கிடைக்க வேண்டும் என்பவர்கள் வருடாவருடம் ஐ.சி.ஏ.ஐ.யின் எம்பேனல்மென்ட் படிவத்தை (தணிக்கையாளர் பட்டியலில் சேர்வதற்கானது) மறக்காமல் நிரப்புங்கள். புதிதாக வருபவர்கள் விட்டுவிட்டுப் பிறகு வருத்தப்படுவது இதைத்தான்.

மாநகராட்சிக்கு அரையாண்டுக்கு ஒருமுறை தொழில் வரி. ஒருவருக்கு வருடத்துக்கு 2,500 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது என்று அரசியல் சட்டமே வரம்பு வைத்திருக்கிறது. சின்னத் தொகைதான், ஆனால் பாக்கி வைத்தால் தேவையில்லாத நோட்டீஸ் வரும்.

ஒரே போர்டில் வக்கீலும் ஆடிட்டருமா?

இந்த ஆசை பலருக்கு உண்டு. நண்பர்கள் இருவர், ஒருவர் பி.எல்., ஒருவர் சி.ஏ. "ஒரே ஆபீஸ், எல்லா வேலையும் ஒரே இடத்தில்" என்று போர்டு எழுதக் கொடுத்துவிடுவார்கள். பார் கவுன்சில் விதிப்படி வக்கீல் தன் கட்டணத்தை வக்கீல் அல்லாதவரோடு பங்கு போட்டுக்கொள்ளக்கூடாது, அவரோடு கூட்டு நிறுவனமும் வைக்கக்கூடாது. பி.எல்.லும் சி.ஏ.வும் ஒருவரே முடித்திருந்தாலும், சன்னது (வக்கீல் தொழில் உரிமம்) வைத்துக்கொண்டே ஆடிட்டர் தொழிலையும் நடத்த பார் கவுன்சில் விதிகள் இடம் தராது. மருத்துவர் ஒருவர் தன் தொழிலை விடாமல் வக்கீலாகவும் பதிவு கேட்டதை 1996ல் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது.

சரி, அப்படியென்றால் சேர்ந்தே செய்ய முடியாதா? முடியும். ஒரே கட்டடத்தில் தனித்தனி அறை, தனித்தனிப் போர்டு, தனித்தனி பில், தனித்தனி வங்கிக் கணக்கு. கட்சிக்காரரிடம் இருவரும் தனித்தனியாக ஒப்புக்கொள்ளுங்கள். ஒருவர் வாங்கி மற்றவருக்குக் கொடுக்கும் பழக்கத்தை முதல் நாளே வைத்துக்கொள்ளாதீர்கள். உங்களுக்குள் மனக்கசப்பு வரும் நாளில் அந்த ஜிபே ரசீதுதான் புகாரோடு இணைப்பாகப் போகும்.

விளம்பரத்திலும் கை அடக்கம் தேவை. வக்கீல் போர்டில் பெயர், படிப்பு, அலுவலகம் என்பதோடு நிறுத்துங்கள். "ஜாமீன் ஒரே நாளில்" என்று ஃபிளெக்ஸ் வைப்பதெல்லாம் வக்கீல் விளம்பரத்தைத் தடுக்கும் பார் கவுன்சில் விதி 36க்கு நேர் எதிர். இணையத் தளங்கள் வழியே வக்கீல்கள் வழக்கு பிடிப்பதைச் சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் கடுமையாகக் கண்டித்து, நடவடிக்கை எடுக்கச் சொல்லி பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது.

அறை எங்கே பிடிப்பது?

மதுரையில் தொழில் அலுவலகங்களுக்கு மூன்று பக்கம் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம்.

முதலாவது மேலூர் ரோடு. மாவட்ட நீதிமன்றம், மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டு, உத்தங்குடி, ஒத்தக்கடை, பெஞ்ச் எல்லாம் இந்த ஒரே கோட்டில் வருகின்றன. வெளியூர்க் கட்சிக்காரருக்கு இதைவிட வசதி கிடையாது. ராத்திரி பஸ்ஸில் நாகர்கோவிலில் ஏறியவர் விடியற்காலை மாட்டுத்தாவணியில் இறங்கி, முகம் கழுவி, டீ குடித்துவிட்டு எட்டு மணிக்கு உங்கள் வாசலில் கேஸ் கட்டோடு நிற்பார். சிவில், கிரிமினல், ரிட் வேலை செய்பவர்களுக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வது கே.கே. நகர், அண்ணா நகர், மாட்டுத்தாவணி வட்டாரத்தைத்தான். ஒத்தக்கடையிலேயே அறை எடுக்கலாம்தான், ஆனால் அது ஊர் நடுவிலிருந்து சுமார் 10 கிலோமீட்டர். மாவட்ட நீதிமன்ற வேலையும் வைத்திருப்பவர் ஒரே காலையில் இரண்டு பக்கமும் ஓட நேரும்.

இரண்டாவது பீபீகுளம், தல்லாகுளம், சொக்கிகுளம். வருமான வரி அலுவலகமும் மத்திய ஜி.எஸ்.டி. அலுவலகமும் பீபீகுளத்தில், பி.எஃப். அலுவலகம் சொக்கிகுளத்தில். மாநில வணிகவரி அலுவலகம் டாக்டர் தங்கராஜ் சாலையில், அதுவும் ஆற்றுக்கு இந்தப் பக்கம்தான். பழைய ஆடிட்டர்கள் இந்த வட்டாரத்தை விடாமல் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் இருந்தது. ஆபீசரைப் பார்க்க நடந்தே போகலாம். இன்று வருமான வரி அசெஸ்மென்ட் முகம் பார்க்காத முறைக்கு மாறிவிட்டது. உங்கள் கட்சிக்காரரின் ஃபைலைப் பார்ப்பவர் எந்த ஊரில் இருக்கிறார் என்பதே தெரியாது. அதனால் வரி அலுவலகத்துக்கு அருகில் என்பதற்காக மட்டும் கூடுதல் வாடகை கொடுக்காதீர்கள். ஜி.எஸ்.டி.யில் நேரில் போய் விளக்கவேண்டிய வேலை இன்னும் இருக்கிறது, அதற்கு வண்டியில் பத்து நிமிடம் போதும்.

மூன்றாவது பழைய ஊர். கீழமாசி வீதி பலசரக்கு மொத்த வியாபாரம், தெற்காவணி மூல வீதி நகைக்கடைகள், விளக்குத்தூண் ஜவுளி. மாசி வீதிகளுக்குள் ஆடிட்டர் அலுவலகம் வைத்தால் வியாபாரி கடையைச் சாத்திவிட்டு ராத்திரி ஒன்பதரைக்குக்கூட வருவார். அவருக்கு அதுதான் நேரம். வண்டி நிறுத்த இடமில்லை, திருவிழா நாளில் தெருவுக்குள் நுழையவே முடியாது. இருந்தும் மாதாந்திர ஜி.எஸ்.டி. வேலையை நம்பி வரும் இளம் சி.ஏ.வுக்கு இந்த இடத்தை நான் சிபாரிசு செய்வேன். கடைக்காரர்கள் பக்கத்துக் கடைக்காரர் சொன்னால்தான் ஆடிட்டரை மாற்றுவார்கள். அவர்கள் கண்ணில் படும் இடத்தில் இருக்கவேண்டும்.

கப்பலூர் தொழிற்பேட்டைப் பக்கம் உள்ள சிறு தொழில்காரர்களைக் குறிவைப்பவர்கள் இடத்தைப் பற்றி இவ்வளவு யோசிக்க வேண்டாம். அவர்களை மடீட்சியா என்ற சிறுதொழில் சங்கத்தின் கூட்டத்திலோ, 1924லிருந்து மதுரையில் இயங்கும் தமிழ்நாடு தொழில் வர்த்தகச் சங்கத்தின் நிகழ்ச்சியிலோ பார்ப்பதுதான் வழி.

இடம் பிடித்ததும் வாடகை ஒப்பந்தம். நாமே ஊருக்கெல்லாம் ஒப்பந்தம் எழுதிக் கொடுத்துவிட்டு நம் ஆபீசுக்கு வெறும் வாய்வார்த்தையில் சாவி வாங்குவோம்! அப்படிச் செய்யாதீர்கள். 2019 பிப்ரவரி 22லிருந்து நடைமுறையில் இருக்கும் தமிழ்நாடு நில உரிமையாளர், வாடகைதாரர் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும், வாடகை அதிகார அலுவலரிடம் பதியவேண்டும். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக்கூடாது. அந்த "வேறு மாதிரி" என்ற இடத்தில்தான் வீட்டுக்காரர் பத்து மாதம் கேட்பார். பேசிக் குறைக்கலாம். ஈ.பி. இணைப்பு எந்தக் கட்டணப் பிரிவில் இருக்கிறது, போர்டு எங்கே மாட்டலாம், ஞாயிற்றுக்கிழமை மெயின் கேட் திறந்திருக்குமா என்பதையும் கையெழுத்துக்கு முன்பே கேட்டுவிடுங்கள். மாடி அறை என்றால் படிக்கட்டைப் பாருங்கள். நிலத் தகராறுக்கு வருபவர்களில் பாதிப் பேர் முழங்கால் வலிக்காரர்கள்.

யாரை வேலைக்கு வைப்பது?

முதல் சம்பளம் குமாஸ்தாவுக்கு. ஜூனியர் இல்லாமல் ஒரு வருடம் ஓட்டலாம். அனுபவமுள்ள வக்கீல் குமாஸ்தா இல்லாமல் ஒரு மாதம்கூடக் கஷ்டம். எந்த செக்‌ஷனில் எந்தக் கட்டு கிடக்கிறது, நகல் மனு எப்போது போட்டால் எப்போது கிடைக்கும், எது காஸ் லிஸ்ட்டில் (அன்றைய வழக்குப் பட்டியலில்) ஏறும் என்பது அவருக்குத்தான் தெரியும். இ-ஃபைலிங் வந்த பிறகும் இது மாறவில்லை. அவரை "அண்ணே" என்று கூப்பிட்டு மரியாதையாக வைத்துக்கொள்ளுங்கள், சம்பளத்தையும் தேதி தவறாமல் கொடுங்கள்.

ஜூனியர் வைத்தால் உதவித்தொகை கொடுக்கவேண்டும். சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூனில் பிறப்பித்த உத்தரவின்படி சென்னை, மதுரை, கோவையில் மாதம் குறைந்தது 20,000 ரூபாய், மற்ற ஊர்களில் 15,000. இது எத்தனை ஆபீசில் நடக்கிறது என்று கேட்டால் எல்லோரும் சிரிப்பார்கள். ஆனால் புதிதாகத் தொடங்குபவர் அந்தத் தொகையைக் கணக்கில் வைத்தே திட்டமிடுங்கள், முடியாவிட்டால் ஜூனியரை எடுக்காதீர்கள். அரசு சட்டக் கல்லூரி மதுரையிலேயே இருப்பதால் ஆளுக்குப் பஞ்சமில்லை, நல்ல ஆளைத் தக்கவைப்பதுதான் பாடு. சி.ஏ. அலுவலகத்திலும் அப்படியே. சி.ஏ. மாணவர்கள் ஆடிட்டரிடம் வேலை பழகும் ஆர்ட்டிகிள்ஷிப் 2023லிருந்து இரண்டு வருடமாகச் சுருங்கிவிட்டது. பையன் வேலை பழகி முடிக்கும்போது கிளம்பிவிடுவான். அதனால் கணக்கு வேலைக்கு நிரந்தரமாக ஒரு பி.காம். ஆளை உருவாக்குங்கள்.

முதல் வருடம் பிழைப்பது எப்படி?

வக்கீல்களுக்கு நான் சொல்லும் வழி, மாவட்ட வக்கீல்களின் கையாளாக இருப்பது. தென்காசியிலோ பட்டுக்கோட்டையிலோ தொழில் செய்யும் வக்கீலுக்குப் பெஞ்சில் ஒரு நம்பகமான ஆள் தேவை. கட்சிக்காரர் அவருடையவர், மனுவைத் தாக்கல் செய்து நம்பர் வாங்கி ஆஜராவது நீங்கள். இந்த வேலை பெரிய பணம் தராது, ஆனால் தொடர்ந்து வரும். அதில் இரண்டே விஷயம் முக்கியம். அவருடைய கட்சிக்காரரை நீங்கள் தனியாகப் பிடிக்கக்கூடாது. உத்தரவு வந்த அன்று மாலையே அவருக்குப் போன் போகவேண்டும்.

பெஞ்சில் தாக்கல் எப்படி நடக்கிறது என்று ஒருமுறை கிட்டத்தில் பார்த்துவிடுங்கள். மனு உள்ளே போனதும் முதலில் எஸ்.ஆர். நம்பர், அதாவது தாக்கலானதற்கான தற்காலிக எண்தான் விழும். அது வழக்கு எண் ஆகாது. பரிசோதனையில் குறை தெரிந்தால் கட்டு ரிட்டர்ன் ஆகும். பெரும்பாலும் ஒரே மாதிரிக் குறைகள்தான். தமிழ் ஆவணத்துக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு இல்லை, எதிர்த்து வந்த உத்தரவின் அசல் நகல் இல்லை, அது இல்லாமல் ஏற்கச் சொல்லும் மனுவும் இல்லை, எதிர்மனுதாரர் முகவரி உத்தரவில் ஒரு மாதிரி மனுவில் ஒரு மாதிரி. சரிசெய்து கெடுவுக்குள் ரீபிரசென்ட் செய்யவேண்டும். கெடு தாண்டினால் தாமதத்தை மன்னிக்கச் சொல்லி இன்னொரு மனு. எல்லாம் சரியான பிறகு டபிள்யூ.பி. எம்.டி. என்று தொடங்கும் எண் விழும். அந்த 'எம்.டி.' மதுரையின் அடையாளம். அரசுக்கு எதிரான ரிட் என்றால் அரசு வக்கீல் அலுவலகத்துக்கு முன்பே நகல் கொடுத்திருக்கவேண்டும்.

மொழிபெயர்ப்பை அசட்டையாக விடாதீர்கள். கீழ்க்கோர்ட்டு ஆவணங்கள் தமிழில், உயர் நீதிமன்றம் ஆங்கிலத்தில். "அனுபோகம்", "சுவாதீனம்", "பாத்தியதை" ஆகிய மூன்றையும் ஒரே ஆங்கிலச் சொல்லால் தட்டிவிட்டால் இரண்டாம் மேல்முறையீட்டின் சட்டப் பிரச்சினையே காணாமல் போகும். டி.டி.பி. கடையில் கொடுத்தாலும் ஒரு வரி விடாமல் நீங்கள் படியுங்கள்.

நீதிபதிகள் சென்னைக்கும் மதுரைக்கும் சுழற்சியில் வருகிறார்கள். ஏறத்தாழ மூன்று மாதத்துக்கு ஒருமுறை யார் எந்த வகை வழக்கைக் கேட்பது என்ற பட்டியல் மாறும். பட்டியல் வந்த அன்றே எடுத்து வைத்துக்கொண்டு, கையில் உள்ள வழக்குகள் இனி எந்தக் கோர்ட் ஹாலுக்குப் போகின்றன என்று குறித்துவிடுங்கள்.

வங்கி லீகல் ஒப்பீனியன், அதாவது கடனுக்கு முன் சொத்துப் பத்திரங்களைப் பார்த்துக் கருத்துச் சொல்வது, இன்னொரு வருமானம். வங்கியின் வக்கீல் பட்டியலான பேனலில் சேர வழக்கமாகச் சில வருட அனுபவம் கேட்பார்கள். அதுவரை பேனல் வக்கீல் ஒருவரிடம் பத்திரம் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். 30 வருட வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திரம், பட்டா, சிட்டா, நில வரைபடம் எல்லாம் வரிசையாக வேண்டும். கணினியில் ஏறாத காலத்துக்குக் கையால் எழுதிய வில்லங்கம் கேட்டு வாங்குங்கள். பவர் பத்திரம் கொடுத்தவர் விற்பனை நாளில் உயிரோடு இருந்தாரா, பாகப்பிரிவினையில் மைனர் பங்கு இருந்ததா, நத்தம் நிலமா, கோயில் நிலமா என்பதெல்லாம் மதுரைச் சுற்றுவட்டாரத்தில் கட்டாயம் கேட்கவேண்டிய கேள்விகள். கோயில் நிலம், வக்ஃப் நிலம் என்றால் பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவைக் காட்டிச் சார்பதிவாளர் பத்திரத்தையே பதிய மறுப்பார். கிளை மேலாளர் "இன்னிக்கே வேணும் சார், லோன் நிக்குது" என்று அவசரப்படுத்துவார். லோன் வாராக்கடன் ஆன பிறகு விசாரணையில் அவர் பெயரோடு உங்கள் ஒப்பீனியனும் வரும். இன்றைக்குத் தரமுடியாது என்று சொல்லிப் பழகுங்கள்.

சி.ஏ.க்களுக்கு முதல் சோறு ஜி.எஸ்.டி. ரிட்டர்ன், வருமான வரி ரிட்டர்ன், வங்கிக் கடனுக்கான ப்ராஜெக்ட் ரிப்போர்ட். கடைசியில் சொன்னதில் கவனம். வங்கி கேட்ட விற்பனைத் தொகையை எட்டுவதற்காக எண்களை ஊதிக்கொடுக்கச் சொல்லுவார்கள். கையெழுத்தும், சான்றிதழுக்குச் சான்றிதழ் தனியாகப் போடும் யு.டி.ஐ.என். அடையாள எண்ணும் உங்களுடையவை.

கட்டணமும் பில்லும்

தெற்கத்திக் கட்சிக்காரர் ஆலோசனைக்குத் தனிக் கட்டணம் என்றால் முகம் சுளிப்பார். "கேஸைக் குடுக்கத்தானே வந்திருக்கோம், பாத்துச் சொல்லுங்கண்ணே" என்பார். இரண்டு மணி நேரம் பத்திரம் பார்த்துவிட்டு டீ வாங்கிக்கொடுத்து அனுப்பியவர்கள் இங்கே ஏராளம். தொகை சின்னதாக இருந்தாலும் பத்திரம் பார்க்கும் கட்டணம் என்று ஒன்றை வைத்து, முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். வழக்குக் கட்டணத்தைத் தவணையாகப் பிரியுங்கள். தாக்கலுக்கு இவ்வளவு, அட்மிஷனுக்கு (வழக்கை விசாரணைக்கு ஏற்கும் கட்டத்துக்கு) இவ்வளவு, இறுதி விசாரணைக்கு இவ்வளவு என்று எழுதிக் கொடுத்துவிட்டால் பின்னால் தகராறு குறையும்.

ஜி.எஸ்.டி.யில் வக்கீலுக்கும் ஆடிட்டருக்கும் வழி வேறு. வக்கீல் வியாபார நிறுவனத்துக்குச் செய்யும் வேலைக்கு வரியை அந்த நிறுவனமே ரிவர்ஸ் சார்ஜில் கட்டவேண்டும். அதை பில்லில் ஒரு வரியாகப் போடுங்கள். தனிநபர்களுக்குச் செய்யும் வேலைக்கு வரி விலக்கு. சி.ஏ.வுக்கு அந்தச் சலுகை கிடையாது. வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் பதிவு செய்து 18 சதவீதம் போடவேண்டும். கம்பெனிக் கட்சிக்காரர்கள் வருடத்துக்கு 50,000 ரூபாய்க்கு மேல் கட்டணம் கொடுத்தால் 10 சதவீதம் டி.டி.எஸ். பிடிப்பார்கள். பிடித்ததைக் கட்டினார்களா என்று மூன்று மாதத்துக்கொருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

சென்னைப் பயணமும் நாள்காட்டியும்

சென்னை வேலையை விட்டுவிட முடியாது. பாண்டியன் எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறினால் விடியலில் எழும்பூர், பத்தரைக்கு கோர்ட். வைகையும் வந்தே பாரத்தும் பகல் வண்டிகள், போய்ச் சேரும்போது கோர்ட் நேரத்தில் பெரும்பகுதி போயிருக்கும். திரும்பி வர வேண்டுமானால் அவை நல்லவை. ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஓடாமல், எழும்பூர் அல்லது பாரிமுனைப் பக்கம் நம்பிக்கையான ஒரு நண்பரை உங்களுக்குக் கையாளாக வைத்துக்கொள்ளுங்கள். தென்காசி வக்கீலுக்கு நீங்கள் செய்வதை அவர் உங்களுக்குச் செய்வார். காணொலி விசாரணை வசதி உள்ள அமர்வுகளில் அதையும் கேட்டு வாங்குங்கள்.

எப்போது தொடங்குவது? வக்கீல் என்றால் ஜூன். மே மாதம் கோர்ட் விடுமுறை, அதையொட்டியே சித்திரைத் திருவிழா. அழகர் ஆற்றில் இறங்கும் வாரத்தில் ஆசாரியும் வரமாட்டார், பெயின்டரும் வரமாட்டார். மார்ச்சிலேயே இடம் பிடித்து, ஏப்ரலுக்குள் அலமாரி வேலையை முடித்துவிட்டால் ஜூனில் கோர்ட் திறக்கும்போது உட்கார்ந்துவிடலாம். சி.ஏ. என்றால் பிப்ரவரிக்குள் அறை தயாராக இருக்கட்டும். வியாபாரிகள் ஆடிட்டரை மாற்ற நினைப்பது புது வருடக் கணக்குப் போடும் ஏப்ரலில்தான். ஜூலையிலிருந்து அக்டோபர் வரை ரிட்டர்ன், டாக்ஸ் ஆடிட் என்று எல்லோரும் மூச்சு முட்டிக்கொண்டிருப்பார்கள். அப்போது போய் "புதுசா ஆபீஸ் போட்டிருக்கேன்" என்று விசிட்டிங் கார்டு நீட்டினால் வாங்கிக் கல்லாப் பெட்டிக்குள் போட்டுவிடுவார்கள்.